போடி ரயிலும் பொது ஜன அபிப்பிராயமும்

ரயில் கால அட்டவணை என்பது நமது நாட்டில் பஞ்சாங்கத்தைப் போலவே பாவிக்கப்பட்டு வருகின்றது. பஞ்சாங்கத்தை எழுதியவன் யார், இன்ன நேரம் ஆகாது என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று எப்படி ஒருவரும் கேட்பதில்லையோ, அப்படியே ரயில் இன்ன மணிக்குத்தான் புறப்படும் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டிவிட்டால், அதை எழுதியவர் யார், யாரைக் கேட்டு எழுதினார், யாருடைய சௌகரியத்துக்காக எழுதினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நேரம் ஒத்துவந்தால் நல்ல காலம் என்றும், ஒத்துவராவிட்டால் தலைவிதி என்றும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராகு காலம் கிரகங்களின் காரியம், அதில் என் கை ஒன்றும் இல்லை என்று பஞ்சாங்கக்காரன் தப்பித்துக்கொள்ளலாம். ரயில் நேரமோ ஆபீசில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் போட்டது. மனிதன் போட்டதை மனிதன் மாற்றலாம். மாற்றுவதற்கு முன்பாக, போடும்போதே சம்பந்தப்பட்டவனைக் கேட்டுப் போட்டிருக்கலாம் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த சங்கதி.

இதற்கு வேறு எங்கும் போய் உதாரணம் தேடவேண்டியதில்லை. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குப் போகும் 90 கிலோ மீட்டர் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1928-ல் போடப்பட்ட இந்தப் பாதை யுத்த காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பிறகு 1950-களில் மறுபடியும் போடப்பட்டது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கப் போவதாகச் சொல்லி 2010 டிசம்பர் கடைசியில் வண்டி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நிறுத்தியதுதான். தேனி ஒரு ஜில்லாவின் தலைநகரமாயிருந்தும் பதினொரு வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்கு ரயில் கிடையாது. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்தும் தன் ஊரில் ரயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. கடைசியாக, மதுரை முதல் தேனி வரையுள்ள 75 கிலோ மீட்டர் பாதை 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்யப்பட்டு, 2022 மே 26-ந் தேதி சென்னையில் பிரதம மந்திரியால் திறந்து வைக்கப்பட்டது. மீதியுள்ள 15 கிலோ மீட்டரும் முடிந்து 2023 ஜூன் 15-ந் தேதி வண்டி போடிக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவும் பொது ஜனங்களின் பணம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, இத்தனை வருஷம் காத்திருந்த ஜனங்களுக்குக் கிடைத்த வண்டி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2022 மே மாதத்தில் குறிக்கப்பட்ட நேரப்படி, வண்டி காலை 8.30 மணிக்கு மதுரையில் புறப்பட்டு 9.35-க்குத் தேனிக்கு வரும், மாலை 6.15-க்குத் தேனியில் புறப்பட்டு 7.35-க்கு மதுரைக்குப் போய்ச் சேரும். நாளொன்றுக்கு இதுதான் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. 2023-ல் இதே வண்டி, இதே போக்கில், போடி வரைக்கும் நீட்டப்பட்டது. அதனோடு சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஒரு எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. அதுவும் காலையில் போடிக்கு வந்து இரவில் திரும்பும்படியே அமைந்தது.

படிப்பவர்கள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். மதுரைக்கும் தேனிக்கும் உள்ள சம்பந்தம் என்ன? பெரிய ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறது. ஐகோர்ட்டு கிளை 2004 முதல் மதுரையில் இருக்கிறது. சர்வகலாசாலை மதுரைக்குப் பக்கத்தில், அதுவும் தேனிப் பாதையிலேயே இருக்கிறது. மொத்தக் கடைகளும், பெரிய கட்டட வேலைகளும் மதுரையில் இருக்கின்றன. ஆண்டிப்பட்டி சக்கம்பட்டியிலே தறி நெய்கிறவன் சேலை மூட்டையோடு போகவேண்டியது மதுரைக்கு. உசிலம்பட்டிப் பக்கத்துச் சித்தாள் பெண் கூலிக்குப் போகவேண்டியது மதுரைக்கு. போடியிலே இருதய வியாதிக்காரன் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகவேண்டியது மதுரைக்கு. இவர்கள் எல்லாரும் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியவர்கள். வண்டியோ காலையில் மதுரையை விட்டு வருகிறது, மாலையில் மதுரைக்குப் போகிறது. அதாவது, இந்த ஜில்லாக்காரன் போகவேண்டிய நேரத்தில் ரயில் எதிரே வருகிறது; அவன் திரும்பவேண்டிய நேரத்திலும் எதிரே போகிறது. இந்த ரயிலில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால், முதல் நாள் இரவே போய்ப் பிளாட்பாரத்தில் படுத்திருந்து மறுநாள் வைத்தியம் பார்த்துக்கொண்டு, அன்றிரவும் அங்கேயே தங்கி, மூன்றாம் நாள் காலையில் ஊர் திரும்ப வேண்டும். ஒரு மணி ஐந்து நிமிஷத்தில் தேனிக்கு ஓடிவருகிற ரயில், தேனிக்காரனுக்கு மூன்று நாள் பிரயாணமாக முடிகிறது!

பின் இந்த நேரம் யாருக்குத்தான் சௌகரியம் என்று கேட்டால், மதுரையில் குடியிருந்துகொண்டு தேனியில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு மெத்த சௌகரியம். 9.35-க்கு இறங்கினால் ஆபீஸ் திறக்கவும் சரியாயிருக்கும். ஆபீஸ் மூடி 6.15-க்கு ஏறினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் சரியாயிருக்கும். அவர்களும் டிக்கட்டு வாங்குகிறவர்கள்தான். அவர்கள் சௌகரியப்படுவதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் ஒரு ஜில்லா பூராவும் காத்திருந்த வண்டி, அந்த ஜில்லாவில் குடியிருப்பவனைத் தவிர மற்றவனுக்குப் பயன்படுகிறதென்றால், அட்டவணை போட்டபோது குடியிருப்பவன் யாருடைய ஞாபகத்திலும் இல்லை என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம் செய்துகொள்ள முடியும்?

ரயில்வேக்காரர்களுடைய கஷ்டம் நமக்குத் தெரியாமல் இல்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிர் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஒரே ஒரு பெட்டித் தொடர்தான் இருக்கிறதென்றால், அது இரவு எங்கே தங்குகிறதோ அங்கிருந்துதான் காலையில் புறப்பட முடியும். மதுரையில் பெட்டிகளைக் கழுவவும், பழுது பார்க்கவும், டிரைவரும் கார்டும் இளைப்பாறவும் இடம் இருக்கிறது; ஆகையால் அது மதுரையில் தங்குகிறது; மதுரையில் தங்குவதால் காலையில் மதுரையிலிருந்து புறப்படுகிறது. இது பெட்டியின் நியாயம். பெட்டியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெட்டி எங்கே தூங்குகிறது என்பதைப் பார்த்து மனிதன் எப்போது பிரயாணம் செய்வது என்று தீர்மானிப்பதா? அல்லது மனிதன் எப்போது பிரயாணம் செய்கிறான் என்பதைப் பார்த்துப் பெட்டியை எங்கே தூங்க வைப்பது என்று தீர்மானிப்பதா? 500 கோடி செலவழித்துப் பாதை போட்டவர்களுக்கு, ஒரு வண்டியை இரவில் தேனியிலோ போடியிலோ நிறுத்திவைக்க ஒரு கொட்டகையும், இரண்டு மூன்று பேர் படுக்க ஒரு அறையும், தண்ணீர்க் குழாயும் பெரிய காரியமா? பெரிய காரியமாகவே இருக்கட்டும். அதை ஜனங்களிடம் சொல்லி, “இன்ன வருஷம் வரைக்கும் இப்படித்தான் முடியும், அதற்குள் உங்களுக்கு எது தேவலை” என்று கேட்டிருந்தால், காலை ஐந்து மணிக்குக் காலி வண்டியாகவாவது போடிக்கு வந்து ஏழு மணிக்குத் திரும்பட்டும் என்று ஒரு சாதாரணக் குடியானவனே வழி சொல்லியிருப்பான்.

கேட்காமல் வண்டி விடுவதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. பொருந்தாத நேரத்தில் விட்ட வண்டியில் கூட்டம் சேராது. கூட்டம் சேராவிட்டால், “இந்தப் பாதையில் ஜனங்களுக்கு ரயில் தேவையில்லை, பஸ்ஸிலேயே போகிறார்கள், இதற்கு இன்னொரு வண்டி எதற்கு?” என்று கணக்கு எழுதலாம். காலை உணவை நடுநிசியில் பரிமாறிவிட்டு, பையனுக்குப் பசியே இல்லை என்று சொல்லுவது போன்றதே இந்தக் கணக்கு. பிறகு அந்தக் கணக்கே அடுத்த அட்டவணைக்கும் ஆதாரமாகிவிடும்.

இது போடிப் பாதைக்கு மாத்திரம் நேர்ந்த கதியல்ல. திருவாரூர் - காரைக்குடிப் பாதையும் இப்படியே வருஷக் கணக்கில் மூடிக் கிடந்து 2019 ஜூன் 1-ந் தேதி திறக்கப்பட்டது. சுமார் 150 கிலோ மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டி ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடிற்று. காரணம் என்னவென்றால், லெவல் கிராஸிங்குகளில் கேட்டு மூட ஆள் நியமிக்கவில்லை. ஆகவே கேட்டு மூடுகிற ஆட்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கிக் கேட்டை மூட, வண்டி தாண்டி நிற்க, இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்ள, இப்படியே யாத்திரை நடந்தது. மாட்டு வண்டி போட்டி போட்டிருந்தாலும் வெட்கப்படும். திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்து ஜனங்களைக் கூப்பிட்டு, “ஆள் இல்லாமல் இந்தப்படி ஆறு மணி நேர வண்டி இப்போது வேண்டுமா, ஆளைப் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து ஒழுங்கான வண்டி வேண்டுமா?” என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல அவர்களுக்கு அறிவில்லாமற் போயிருக்காது.

“கேட்காமல் என்ன, அதற்குத்தான் ஆலோசனைக் கமிட்டிகள் இருக்கின்றனவே” என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன; வாஸ்தவந்தான். இன்று நேற்றல்ல, 1920-ல் நியமிக்கப்பட்டு 1921-ல் அறிக்கை கொடுத்த ஆக்வொர்த் கமிட்டியே, ரயில்வே நிர்வாகத்துக்குப் பொது ஜனங்களின் அபிப்பிராயம் எட்டும்படி ஆலோசனைச் சபைகள் வேண்டும் என்று சொல்லிற்று. வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி ரயிலுக்கே அது அவசியமாய்ப் பட்டது. சுயராஜ்யம் வந்த பிறகு 1953-ல் கோட்டத்துக்கு ஒன்றும், மண்டலத்துக்கு ஒன்றும், டில்லிக்கு ஒன்றுமாக உபயோகிப்போர் ஆலோசனைக் கமிட்டிகள் ஏற்பட்டன. ஆனால் இவைகளின் அங்கத்தினர்கள் யார்? வர்த்தக சங்கத்தார், சட்டசபைப் பிரதிநிதிகள், பார்லிமெண்டு மெம்பர்கள் சிபார்சு செய்தவர்கள், பிரயாணிகள் சங்கத்தார் என்று நியமனம் பெற்றவர்கள். இவர்களில் நல்லவர்களும் உழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டிப்பட்டி ஸ்டேஷனில் நிற்கும் பத்துப் பேரைக் கூப்பிட்டு, உங்களுக்காகக் கமிட்டியில் பேசுகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்காவது தெரியுமானால் நாம் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறோம். யாருக்காகப் பேசுகிறார் என்று அவருக்குத் தெரியாது. யார் தனக்காகப் பேசுகிறார் என்று இவனுக்குத் தெரியாது. அன்றியும் கமிட்டியின் வேலை ஆலோசனை சொல்லுவதோடு சரி. அது சொன்ன ஆலோசனையை ஏன் தள்ளினோம் என்று ஊரறியச் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் அதிகாரிகளுக்கு இல்லை. நேரத்தை முடிவு செய்துவிட்டுக் கமிட்டியில் தெரிவிப்பதானது, தாலியைக் கட்டிவிட்டுப் பெண்ணைப் பார்த்து உனக்குச் சம்மதமா என்று கேட்பதற்கு ஒப்பானதேயாகும்.

மின்சார விஷயத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி, கட்டணத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் அந்த உத்தேசத்தைப் பிரசுரிக்க வேண்டும். ஜனங்களின் ஆக்ஷேபணைகளையும் யோசனைகளையும் கவனித்துத்தான் கமிஷன் உத்தரவு போடவேண்டும். 2022 ஆகஸ்டு மாதத்தில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் இப்படிக் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். கேட்ட பிறகும் செப்டம்பரில் கட்டணம் உயரத்தான் உயர்ந்தது என்பது வேறு விஷயம். ஆனாலும் எதிர்ப்புச் சொன்னவன் சொன்னது காகிதத்தில் ஏறிற்று. உத்தரவு போட்டவர் காரணம் எழுதவேண்டி வந்தது. விளக்கு எரிவதற்குக் கேட்கவேண்டியது சட்டமாயிருக்க, வண்டி ஓடுவதற்குக் கேட்கவேண்டியதில்லை என்பது என்ன நியாயம் என்பது நமக்கு விளங்கவில்லை.

மேல்நாட்டிலும் இது புதிய சங்கதியல்ல. இங்கிலாந்தில் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையேயுள்ள கிழக்குக் கரைப் பாதையின் அட்டவணையை 2022 மே முதல் மாற்ற எண்ணிய ரயில் கம்பெனிகள், 2021-லேயே அதன் நகலை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டன. வேகமான வண்டிகள் அதிகமாவதற்காக எங்கள் ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகளைக் குறைப்பதா என்று சிற்றூர்க்காரர்கள் கேட்டார்கள். அந்த அட்டவணை 2022-ல் வரவில்லை. 2025 டிசம்பரில்தான் அமுலுக்கு வந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாருடைய குறையும் தீர்ந்துவிடவும் இல்லை. அதே தேசத்தில் 1960-களில் நூற்றுக்கணக்கான சிறு பாதைகளை மூடியபோதும் விசாரணை நடத்தினார்கள். ஆனால் அந்த விசாரணையில் ஜனங்கள் தங்களுக்கு நேரும் கஷ்டத்தை மாத்திரம் சொல்லலாமே ஒழிய, ரயில்வே காட்டிய நஷ்டக் கணக்கு சரிதானா என்று கேட்க இடமில்லை. அப்படி 1969 ஜனவரியில் மூடிய ஸ்காத்லாந்து எல்லைப்புறப் பாதையில் ஒரு பகுதியை 46 வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், ஏராளமான பணம் செலவு செய்து மறுபடியும் திறக்க நேர்ந்தது. ஆகவே கேட்பது என்ற பெயர் மாத்திரம் போதாது. எதைக் கேட்கலாம், யார் கேட்கலாம், கேட்டதற்குப் பதில் உண்டா என்பவைகளே முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

நிற்க, நாம் கேட்பது என்ன? மூடிக் கிடந்த பாதை எதுவானாலும், அது திறக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கால அட்டவணையின் நகல் தமிழில் அச்சிடப்பட்டு, அந்தப் பாதையிலுள்ள எல்லா ஸ்டேஷன்களிலும், பஸ் நிலையங்களிலும், பஞ்சாயத்து ஆபீசுகளிலும் ஒட்டப்பட வேண்டும். பெரிய ஊர்களில், கூலிக்காரர்களும் பெண்களும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளில், பொதுக் கூட்டம் போட்டு நேரில் கேட்க வேண்டும். பெட்டி எத்தனை, ஆள் எத்தனை, எதனால் எது முடியாது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்த யோசனைகளில் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்று எழுதி வெளியிட வேண்டும். வண்டி ஓடி ஆறு மாதம் ஆனதும் மறுபடியும் ஒரு தடவை கேட்க வேண்டும். இவ்வளவுதான். இதில் டில்லியைக் கவிழ்க்கக்கூடிய விஷயம் ஒன்றுமில்லை. இதற்கு ஆகும் செலவு, திறப்பு விழாப் பந்தலுக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பாகத்துக்குக் கூடக் காணாது. எல்லாரும் கேட்டதையும் கொடுக்க முடியாது என்பது உண்மை. போடிக்காரன் ஐந்து மணி என்பான், உசிலம்பட்டிக்காரன் ஏழு மணி என்பான். அந்தச் சண்டையை ஜனங்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள இடம் கொடுப்பதற்குத்தான் கூட்டம். ஆபீசில் நாலு பேர் தாங்களே தீர்த்து வைப்பதற்கு அல்ல.

கடைசியாக, ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரிகள் கேட்கவில்லை என்று குறை சொல்லுகிறோமே, நாம் என்ன செய்கிறோம்? புது வண்டி வந்தால் இஞ்சினுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்துக் கும்பிடுகிறோம். இந்த வண்டியைப் பெற்றுத் தந்தவர் இன்னார் என்று ஒவ்வொரு கட்சிக்காரனும் சுவரில் ஒட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். நம் பணத்தில் வந்த வண்டியை நமக்கு ஒருவர் பெற்றுத் தந்தார் என்றால், ஊரான் வீட்டு நெய்யை எடுத்து ஊரானுக்கே பரிமாறிவிட்டுத் தர்மப் பிரபு என்று பெயர் வாங்குவது போலல்லவா இருக்கிறது? பிறகு நேரம் சரியில்லை என்றால், “சமூகத்து எஜமானவர்கள் கருணை கூர்ந்து” என்று மனு எழுதுகிறோம். கருணை எதற்கு? டிக்கட்டுக்குக் கொடுக்கும் காசில் கருணை ஏதாவது கலந்திருக்கிறதா? கொரோனாக் காலத்தில் குறைந்த கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகி, 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ஆயிற்று. அதுவரை முப்பதையும் எண்ணித்தான் கொடுத்தோம். யாரும் நமக்குக் கருணை காட்டி வண்டியில் ஏற்றவில்லை.

ரயில்வேயின் ஏற்பாடு எதுவும் மாறாது என்று சொல்லுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாட்டு ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் ஒரு ஜாதிக்கு ஒரு இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்றிருந்த பலகைகளும் ஒரு காலத்தில் மாறாதவை என்றே எண்ணப்பட்டன. ஏன், எதற்காக என்று ஜனங்கள் விடாமல் கேட்டதன் பலனாக 1941-ல் அவை ஒழிந்தன. ஜாதிப் பலகையே இறங்கிற்று என்றால், நேரம் எழுதிய பலகை மாத்திரம் இறங்காதா?

ஆதலால் மதுரை முதல் போடி வரையிலும், இனித் திறக்கப்போகும் மற்றப் பாதைகளிலும் உள்ள ஜனங்கள், அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போவதை விட்டு, இந்த நேரத்தை யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்ற ஒரே கேள்வியை, ஸ்டேஷன் மாஸ்டர் முதல் பார்லிமெண்டு மெம்பர் வரையில் எதிர்ப்பட்ட எல்லாரிடத்திலும், பதில் வரும் வரையில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.